மரத்துண்டு போட்ட ரெசின் பேனா: மரத்தை ஒட்டி மட்டும் ஏன் இத்தனை குமிழி?

மைக்கறை:

தச்சுவேலையில் மிஞ்சும் துண்டுகளை எறிய மனம் வராமல் ஒரு அட்டைப்பெட்டியில் சேர்த்து வந்தேன். தேக்குத் துண்டுகள், ஒரு வேர்முண்டின் உடைந்த ஓரம், பட்டை உரியாத இரண்டு மூன்று குச்சிகள். இவற்றைச் சிலிக்கான் மோல்டில் அடுக்கி, நீல எபாக்ஸி (இரண்டு திரவத்தைக் கலந்தால் கல்லாக இறுகும் ரெசின்) ஊற்றி, கடைந்து பேனா பண்ணலாம் என்று இறங்கினேன். பேனாவின் உலோகப் பாகங்களுக்கு ஸ்லிம்லைன் கிட், கட்டைக்குள் துளை போட்டு ஒட்ட 7 மி.மீ. பித்தளைக் குழாய்.

மூன்று கட்டை வார்த்தேன். மூன்றும் போயிற்று.

முதலாவதில் மரம் மிதந்து மேலே வந்துவிட்டது. அது என் முட்டாள்தனம். அடுத்த தடவை அடியில் ஒரு சொட்டு சூப்பர் க்ளூ வைத்தேன், அசையவில்லை. இரண்டாவதில் குமிழி. ரெசின் நடுவில் கண்ணாடி மாதிரி இருக்கிறது, மரத்தின் விளிம்பை ஒட்டி மட்டும் கடுகு கடுகாய் ஒரு வரிசை. கடைந்தால் ஒவ்வொன்றும் ஒரு குழி. மூன்றாவதற்கு ஐந்து நிமிடம் மெதுவாகக் கலக்கினேன், பாட்டிலை வெதுவெதுப்பான தண்ணீரில் வைத்தேன், ஊற்றியபின் மேலே தீயும் காட்டினேன். அப்படியும் அதே வரிசை. போகட்டும் என்று லேத்தில் மாட்டினால், முக்கால்வாசி கடைந்தபோது மரமும் ரெசினும் சேரும் இடத்தில் பட்டென்று ஒரு சில்லு பறந்தது. உள்ளே குழாய் பல்லிளித்தது.

நான் கலக்குவதில்தான் தப்பா? பிரஷர் பாட் (காற்றழுத்தத்தில் ரெசினை இறுக வைக்கும் மூடிய பாத்திரம்) இல்லாமல் இது ஆகாத வேலையா?

உளிப்பிடி:

கலக்குவதை விடுங்கள். கலக்கும்போது சேர்ந்த காற்று என்றால் ரெசின் முழுக்கப் பரவியிருக்கும். விளிம்பில் மட்டும் வரிசை கட்டுகிறது என்றால் அது மரம் விடும் மூச்சு. மரம் என்பது குழாய்க்கட்டு, உள்ளே காற்று இருக்கிறது. எபாக்ஸி இறுகும்போது தானாகச் சூடாகும். அந்தச் சூட்டில் உள்ளே இருக்கும் காற்று விரிந்து வெளியே வரும், அதற்குள் ரெசின் கெட்டியாகியிருக்கும், அப்படியே மாட்டிக்கொள்ளும். நீங்கள் மேலே தீயைக் காட்டினால் மேல்பரப்புக் குமிழிதான் உடையும். அடியில் இருப்பதை அது என்ன செய்யும்?

நானும் ஒரு காலத்தில் கரண்டியைத்தான் குற்றம் சொல்லிக்கொண்டிருந்தேன். இப்போது செய்வது இது. துண்டுகளை முதலில் எடை போடுவேன். 100 டிகிரி செல்சியஸ் அளவில் சின்ன ஓவனில் வைத்து, ஒரு மணி நேரத்துக்கு ஒரு முறை எடை பார்ப்பேன். போன முறை 38 கிராம் மரம் 34.5-இல் வந்து நின்றது. பார்த்தால் காய்ந்த மரம்தான், உள்ளே மூன்றரை கிராம் தண்ணீர்! எடை இனி இறங்காது என்றான பிறகுதான் வெளியே எடுப்பது. எடுத்ததும் காற்றுப் புகாத பையில் போட்டுவிடுங்கள், திறந்து வைத்தால் மறுபடி ஈரத்தை இழுத்துக்கொள்ளும்.

அப்புறம்தான் முக்கியமான வேலை. மரம் கை பொறுக்கும் சூட்டில் இருக்கும்போதே மெல்லிய எபாக்ஸியைப் பிரஷ்ஷால் எல்லாப் பக்கமும் பூசுங்கள், முனைகளில் இரண்டு தடவை. மரம் ஆறும்போது உள்ளே இருக்கும் காற்று சுருங்கி, ரெசினைத் துளைகளுக்குள் இழுத்துக்கொள்ளும். உங்களுக்கு எதிராக வேலை செய்த அதே சூடு இங்கே உங்கள் பக்கம் நிற்கும். பூச்சு விரலில் ஒட்டுவதுபோல் இருந்து, ஆனால் விரலோடு வராத பதத்தில் மோல்டில் ஊற்றுங்கள். ஒரு நாள் தாண்டிவிட்டால் 220 உப்புத்தாளால் ஒரு தேய்ப்பு தேய்த்துவிட்டு ஊற்ற வேண்டும், இல்லாவிட்டால் பிடிக்காது.

பட்டை இருக்கும் குச்சியை மறந்துவிடுங்கள். பட்டைக்கும் மரத்துக்கும் நடுவில்தான் முதலில் விடும்.

சில்லு பறந்த கதை வேறு. தேக்கில் எண்ணெய் உண்டு, பூச்சுக்கு முன் அசிட்டோனால் துடைத்தீர்களா? குழாயை ஒட்டிய பசை முழுக்கப் பரவியிருந்ததா? பின்னால் வெற்றிடம் இருந்தால் கடைசி ஒரு மில்லிமீட்டரில் நிச்சயம் பறக்கும். ட்ரில் போடும்போது பிட்டை அடிக்கடி வெளியே எடுத்துத் தூளைத் தள்ளுங்கள், சூடேறினால் மரமும் ரெசினும் சேரும் இணைப்பு அப்போதே விட்டுவிடும். உளியைத் தீட்டிவிட்டு, கடைசியில் தூசு மாதிரி மெல்லிசாக மட்டும் எடுங்கள்.

சுருள்சீவல்:

மேலே சொன்னதெல்லாம் சரி. ஆனால் பிரஷர் பாட் பற்றிய கேள்விக்குப் பதிலே வரவில்லையே. 40 பி.எஸ்.ஐ. (காற்றழுத்த அளவு) கொடுத்தால் குமிழியின் கொள்ளளவு ஏறக்குறைய கால் பங்காகச் சுருங்கிவிடும், கண்ணுக்குச் சட்டென்று படாது. ஒன்று, ரெசின் முழுக்க இறுகும்வரை காற்றைத் திறக்கக் கூடாது. திறந்தால் குமிழி பழையபடி ஊதிக்கொள்ளும். இன்னொன்று, பிரஷர் பாட்டின் மேல் எழுதியிருக்கும் அழுத்தத்தைத் தாண்டவே தாண்டாதீர்கள். பெயின்ட் அடிக்கும் டப்பாவைப் பிரஷர் பாட்டாக மாற்றிக்கட்டுகிறவர்களைப் பார்த்தால் எனக்கு வயிற்றைக் கலக்குகிறது.

சீக்கிரம் இறுகுகிறதே என்று பாலியூரித்தேன் ரெசினுக்குத் தாவும் எண்ணம் இருந்தால், ஈர மரத்தோடு வேண்டாம். தண்ணீர் பட்டால் அது வாயு விட்டு நுரைக்கும்.

கையுறை போடுகிறீர்கள்தானே? இறுகாத எபாக்ஸி தோலில் பட்டுப் பட்டு ஒரு நாள் ஒவ்வாமை வந்தால் அப்புறம் போகாது. கடையும்போது முகமூடியும்.

மைக்கறை:

பாட் வாங்கவில்லை. உளிப்பிடி சொன்னபடி உலர்த்தினேன், என் துண்டுகள் 41 கிராமிலிருந்து 37-க்கு இறங்கின. வேர்முண்டு மட்டும் நான்கு மணி நேரம் பிடிவாதம் பிடித்தது. வெதுவெதுப்பாகப் பூச்சு, பிறகு ஊற்றல். முனையில் இரண்டே இரண்டு குமிழி, அதுவும் வெட்டிப் போடும் பகுதியில். கடைந்தேன், சில்லு எதுவும் பறக்கவில்லை. 12000 எண் தேய்ப்புத்தாள் வரை ஈரத்தில் தேய்த்துப் பளபளவென்று நிற்கிறது.

ஆனால் நீலத்துக்குள்ளிருந்து பித்தளைக் குழாய் மஞ்சளாய்ப் பல் காட்டுகிறது. சில்லு பறக்காமலேயே!

உளிப்பிடி:

குழாய்க்கு வண்ணம் அடித்தீர்களா?

மைக்கறை:

...அடிக்க வேண்டுமா?

உளிப்பிடி:

ரெசின் ஊடுருவித் தெரியும் வகை என்றால் அடித்தே ஆக வேண்டும். குழாயை உப்புத்தாளால் கீறிவிட்டு வெளியே ஒரு பூச்சு, ட்ரில் போட்ட துளைக்குள்ளேயும் அதே நிறத்தில் ஒரு பூச்சு, காய்ந்தபிறகு ஒட்டுங்கள். ஒட்டும் எபாக்ஸியிலும் ஒரு துளி நீலம் கலந்துவிடுங்கள். இந்தப் பேனாவை எறியாமல் மேசையில் வைத்து எழுதுங்கள்.