மறுமொழி: ‘முறைசார் சரிபார்ப்பு’ போதுமா? ‘வழாநிலை மெய்ப்பிப்பு’ என்று சொல்லலாமா?

நண்பர்களுக்கு வணக்கம்.

> ஃபார்மல் வெரிஃபிகேஷனுக்கு ‘முறைசார் சரிபார்ப்பு’ என்றே வைத்துக்கொள்ளலாம். எப்படியும் ஓர் இயங்குதளத்தில் வழுவே இல்லை என்று யாராலும் நிரூபிக்க முடியாதே?

அப்படி ஒரேயடியாகத் தள்ளிவிட வேண்டாம் ஐயா. ஃபார்மல் வெரிஃபிகேஷன் என்றால் ஒரு நிரல் தன் விவரக்குறிப்பின்படியே, அதாவது அது என்ன செய்ய வேண்டும் என்று எழுதிவைத்த வரையறையின்படியே, நடக்கும் என்று கணிதப்படி நிரூபிப்பது. சிட்னியில் நிக்டா ஆய்வு நிறுவனத்தார் 2009-இல் எஸ்இஎல்4 என்ற மைக்ரோகர்னலுக்கு (இயங்குதளத்தின் மிகச் சிறிய மையப் பகுதிக்கு) இதைச் செய்து காட்டினார்கள். அதன் சி நிரல் ஏறத்தாழ 8,700 வரி. அது தன் விவரக்குறிப்பிலிருந்து எந்த இடத்திலும் வழுவாது என்று இசபெல் என்ற தேற்ற மென்பொருளைக் கொண்டு கணிதப்படி நிரூபித்தார்கள். நிரூபணம் மட்டும் சுமார் 2 லட்சம் வரி! அதற்கு முன் சோதனையிலும் பயன்பாட்டிலும் சிக்கியவை 16 வழுக்கள். சி நிரலை நிரூபிக்க உட்கார்ந்தபோது மேலும் 144 வெளியே வந்தன.

‘சரிபார்ப்பு’ எனக்கு ஒப்பாததற்கு இதுதான் காரணம். கடவுச்சொல்லைச் சரிபார்க்கிறோம், ரசீதைச் சரிபார்க்கிறோம். இது அந்த வேலை இல்லை. பள்ளிக் கணக்கில் வரும் ‘நிறுவுக’ அழகான சொல்தான், ஆனால் நம் துறையில் ‘இயங்குதளத்தை நிறுவினேன்’ என்றால் கணினியில் ஏற்றினேன் என்றே பொருள். ‘மெய்ப்பு’ அச்சுப்பிழை பார்ப்பது என்ற பொருளில் அச்சகத்துக்குப் போய்விட்டது. மிஞ்சுவது ‘மெய்ப்பிப்பு’.

சரி, எதை மெய்ப்பிக்கிறோம்? ‘வழுவின்மை’ என்றால் வாக்குறுதி பெரிதாகிவிடுகிறது. நம் இலக்கணத்திலேயே வழு, வழாநிலை, வழுவமைதி என்று மூன்று இருக்கின்றன. வழாநிலை என்பது இலக்கண விதிப்படி பிறழாமல் சொல்வது. ‘நேற்று வந்தான்’ வழாநிலை, ‘நேற்று வருவான்’ கால வழு. ஆனால் அவன் உண்மையிலேயே நேற்று வந்தானா என்று இலக்கணம் சொல்லாது. எஸ்இஎல்4 நிரூபணமும் அப்படித்தான். விவரக்குறிப்பே தவறாக இருந்தால் நிரல் அந்தத் தவறையும் வழாமல் செய்யும்.

அப்புறம் எடுகோள்கள். 2009 நிரூபணம் சி தொகுப்பியையும் (நிரலை இயந்திர மொழிக்கு மாற்றும் மென்பொருளையும்), சுமார் 600 வரி அசெம்பிளி நிரலையும், கணினி தொடங்கும்போது ஓடும் பகுதியையும், வன்பொருளையும் சரி என்று நம்பியே எழுதப்பட்டது. தொகுப்பி மீதான நம்பிக்கை தேவையில்லை என்ற நிலை பிறகு வந்தது. வன்பொருள் அப்படியே நின்றது. 2018 ஜனவரியில் ஸ்பெக்டர், மெல்ட்டவுன் என்ற பாதுகாப்புக் குறைபாடுகள் வெளிவந்தபோது ஓட்டை இருந்த இடம் செயலிச் சில்லு. நேர வேறுபாட்டை அளந்து ரகசியத்தை உறிஞ்சும் அந்த வகைத் தாக்குதல் நிரூபணத்தின் எல்லைக்கு வெளியே இருந்தது. எல்லை எது என்று முன்கூட்டியே எழுதிவைத்திருந்தார்கள். எனக்கு இதில் மிகப் பிடித்தது அந்த நேர்மைதான்.

லினக்ஸ் கர்னல் இரண்டு கோடி வரிகளைத் தாண்டிவிட்டது. அதை முழுதாக இப்படி மெய்ப்பிப்பதை இன்று நினைத்துப் பார்க்க முடியாது. சிறிய கர்னலுக்கு முடிந்திருக்கிறது, அதற்கு ஒரு சரியான சொல் வேண்டும்.

ஆகவே ‘வழாநிலை மெய்ப்பிப்பு’ என்று முன்வைக்கிறேன். ‘வழுவமைதி’யை எடுகோளுக்கு வைக்கலாம் என்று முன்பு ஒருவர் எழுதியிருந்தார், அது பொருந்தாது. மாட்டை ‘என் அம்மை வந்தாள்’ என்பது தெரிந்தே ஏற்றுக்கொண்ட பிறழ்ச்சி. திருத்தாமல் விட்டுவைக்கும், ஆவணத்தில் குறித்துவைத்த வழுவுக்கு அதை வைத்துக்கொள்ளலாம்.

ஒரு சந்தேகம் மட்டும். வழாநிலை என்று வந்துவிட்டால் விவரக்குறிப்பை ‘இலக்கணம்’ என்றே சொல்லிவிடலாமா? நிரல்மொழி இலக்கணத்தோடு குழம்புமே என்று தயங்குகிறேன். தொகுப்பி எழுதுகிறவர்கள் சொல்லுங்கள்.