பென்ஷன் செய்தி: மைக் நீட்டியவர் கேட்டது, நாம் சொன்னது, டிவியில் வந்தது

பஞ்சாலைக்காரன், கோவை

பென்ஷன் செய்தி எடுக்க வந்தவர்களோடு ஆளுக்கு ஆள் நடந்ததை இந்த இணையப் பக்கத்தில் எழுதச் சொன்னார்கள். நான் பிஎஃப் ஆபீஸ் முன்னால் நடந்த ஆர்ப்பாட்டத்தைச் சொல்கிறேன். ஈபிஎஸ்-95 (பிஎஃப் பிடிக்கும் தொழிலாளிகளுக்கான 1995 பென்ஷன் திட்டம்) ஆட்களுக்கு விளக்க வேண்டியதில்லை, குறைந்தபட்ச பென்ஷனை 7,500 ஆக்கச் சொல்லும் அதே கோரிக்கை, அதே பந்தல். நல்ல வெயில். ஒரு சேனலில் இருந்து வந்த பெண் நிருபர் நேராக என்னிடம் வந்து, "உங்களுக்கு எவ்வளவுங்க ஐயா வருது?" என்று கேட்டது.

கணக்கு எனக்கு மனப்பாடம். 1996-ல் மில்லில் சேர்ந்தேன், 2013-ல் 58 முடிந்தது, சர்வீஸ் 17 வருடம். பென்ஷன் கணக்குக்கு எடுக்கும் சம்பளத்துக்கு அன்றைய வரம்பு 6,500. அதை 17-ஆல் பெருக்கி 70-ஆல் வகுத்தால் 1,579 ரூபாய். முதல் மாதம் வந்ததும் 1,579, போன மாதம் வந்ததும் 1,579. இந்தத் திட்டத்தில் பஞ்சப்படி (அகவிலைப்படி) கிடையாது. 2014-ல் குறைந்தபட்சத்தை 1,000 ஆக்கினார்கள், நான் ஏற்கெனவே அதற்கு மேல் என்பதால் அதுவும் எனக்கு இல்லை. இதையெல்லாம் சொல்ல ஆரம்பித்தேன். 70-ஆல் வகுக்கும் இடம் வந்ததும் அந்தப் பிள்ளை, "கணக்கெல்லாம் வேண்டாங்கய்யா, எப்படிக் கஷ்டப்படறீங்கன்னு மட்டும் சொல்லுங்க" என்றது. கணக்கைக் கேட்டால்தானே கஷ்டம் புரியும் என்று சொல்லிவிட்டு, தோளில் கிடந்த துண்டை எடுத்து முகத்து வேர்வையைத் துடைத்தேன். அவ்வளவுதான் நடந்தது.

ராத்திரி செய்தியில் நான் முகம் துடைத்த காட்சி மட்டும் வந்தது. நான் பேசியது ஒரு வார்த்தை இல்லை. "கண்ணீர் விட்டுக் கதறிய முதியவர்" என்று கீழே எழுத்து, பின்னால் சோக வயலின். அரை மணி நேரத்தில் சம்பந்தி போன் பண்ணிவிட்டார். "பணம் ஏதாச்சும் வேணுங்களா சம்பந்தி? கூச்சப்படாம சொல்லுங்க." அவர் நல்ல மனதோடுதான் கேட்டார். ஆனால் ஒவ்வொரு விசேஷத்திலும் அவரைப் பார்க்கும்போது அந்த வார்த்தைதான் எனக்குக் காதில் விழுகிறது.

திண்ணை வாத்தியார்

பஞ்சாலைக்காரன் அவர்களுக்கு வணக்கம். உங்களைப் பார்த்தாவது டிவியில் அழுதார்கள். அரசு ஓய்வூதியர்களான எங்களைக் காட்டும்போது பின்னால் ரூபாய்க் கட்டு படம் போடுகிறார்கள்.

2025-ல் அகவிலைப்படி 53 சதவீதம் 55 ஆன செய்தி வந்த சமயம். கும்பகோணம் பஸ்ஸில் பக்கத்து சீட்டு இளைஞர் செல்போனை என் முகத்துக்கு நேராகக் காட்டினார். "அரசு ஓய்வூதியர்களுக்கு அடித்தது ஜாக்பாட்!" என் அடிப்படை ஓய்வூதியம் 28,000. அதில் 2 சதவீதம் 560 ரூபாய். அதுதான் ஜாக்பாட். அதைச் சொல்வதற்குள் கண்டக்டர் குரல் கொடுத்தார்: "வாத்தியாருக்கு என்னப்பா, டிக்கெட்டுக்கு ஐநூறை நீட்டுவார், நமக்குத்தான் சில்லறை இல்லை." பஸ்ஸே திரும்பிப் பார்த்துச் சிரித்தது. நான் கையில் சரியான சில்லறை வைத்திருந்தேன். கொடுத்தேன். யாரும் கவனிக்கவில்லை.

இங்கே ஒன்று சொல்லியாக வேண்டும். ஓய்வூதியம் யாரும் போடும் பிச்சை இல்லை, செய்த வேலைக்கான உரிமை என்று 1982 டிசம்பர் 17-ல் நகரா வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது. அந்தத் தேதியைத்தான் ஓய்வூதியர் நாளாக வைத்திருக்கிறோம். உங்களுக்கு 1,579 வருவது அநியாயம், மறுக்கவில்லை. ஆனால் ஒவ்வொரு முறையும் அந்த 1,579-ஐ எங்கள் 28,000-க்குப் பக்கத்தில் வைத்துக் காட்டினால், மேலே உள்ளதைக் குறைக்கத்தான் ஆள் வருவார்களே தவிர கீழே உள்ளதை உயர்த்த யாரும் வரமாட்டார்கள். அதே பத்திரிகைக்காரர்கள் எம்பி ஓய்வூதியம் 25,000-த்திலிருந்து 31,000 ஆனதை ஜாக்பாட் என்று எழுதினார்களா? நான் பார்க்கவில்லை.

என் மகனும் ஆசிரியர்தான். 1-4-2003-க்குப் பிறகு சேர்ந்தவன் என்பதால், சம்பளத்தில் பிடித்தம் செய்யும் பங்களிப்பு ஓய்வூதியத் திட்டமான சிபிஎஸ்-ல் சேர்த்தார்கள். எங்கள் வீட்டிலேயே இரண்டு சட்டம்.

பழைய டெஸ்க்

வாத்தியார் ஐயா, பத்திரிகைக்காரர் எல்லோரையும் ஒரே கோட்டில் நிறுத்தாதீர்கள். பஞ்சாலைக்காரன் ஐயாவிடம் வந்த அந்தப் பெண்ணுக்கு அன்றைக்கு அது மூன்றாவதோ நான்காவதோ நிகழ்ச்சியாக இருந்திருக்கும். ஆபீஸ் அவரிடம் கேட்டு அனுப்பியது இருபது நொடி பேச்சு. 70-ஆல் வகுப்பதை இருபது நொடிக்குள் யாராலும் சொல்ல முடியாது. கண்ணீர் என்று எழுதியது அவராகவும் இருக்காது, உள்ளே உட்கார்ந்திருந்த யாரோ.

என்னுடைய அனுபவம் வேறு. ஒரு இணையச் செய்தி நிறுவனத்தில் வேலை. பட்ஜெட் சமயத்தில் எங்கள் பக்கத்தில் ஒரு தலைப்பு போனது: "குறைந்தபட்ச பென்ஷன் 7,500 ஆக உயர்வு?" உள்ளே படித்தால் கோரிக்கை வைத்திருக்கிறார்கள், அவ்வளவுதான். மறுநாள் காலை ஆபீஸ் எண்ணுக்கு ஒரு பெரியவர் கூப்பிட்டார். போனை எடுக்க அந்த நேரத்தில் நான்தான் இருந்தேன். எந்த மாதத்திலிருந்து வரும், பாங்கில் ஏதாவது எழுதித் தர வேண்டுமா என்று நிதானமாகக் கேட்டார். ஐயா, அது கேள்விக்குறி போட்ட தலைப்பு, முடிவு எதுவும் ஆகவில்லை என்றேன். கொஞ்ச நேரம் சத்தம் இல்லை. அப்புறம், "கேள்விக்குறி தெரியலை தம்பி, எழுத்து சின்னதா இருந்துச்சு" என்றார். திட்டவில்லை. திட்டியிருந்தால் மறந்திருப்பேன்.

அந்தத் தலைப்புக்கு அன்றைக்கு நல்ல வாசிப்பு. அடுத்த பட்ஜெட்டுக்கும் அதே தலைப்பு வந்தது, எண்ணைக்கூட மாற்றவில்லை.

மேலத்தெரு மருமகள்

1,579-க்கும் 28,000-க்கும் இங்கே சண்டை. முதியோர் உதவித்தொகை என்று ஒன்று இருக்கிறது, அதையும் பென்ஷன் என்றுதான் எங்கள் ஊரில் சொல்வார்கள். 1,200 ரூபாய்.

2023-ல் அதை 1,000-லிருந்து 1,200 ஆக்கிய சமயத்தில் எங்கள் தெருவுக்கு கேமராவோடு இரண்டு பேர் வந்தார்கள். பக்கத்து வீட்டு ஆயாவைத் திண்ணையில் உட்கார வைத்து, பணத்தை விசிறி மாதிரி விரித்துப் பிடித்துக்கொண்டு சந்தோஷமாகப் பேசச் சொன்னார்கள். ஆயாவுக்கு அந்த மாதப் பணம் இன்னும் வரவில்லை. பாங்கு மெஷினில் ரேகை விழாமல் இரண்டு தடவை திரும்பி வந்திருந்தது. "காசே வரலையே, எதை விரிக்கிறது?" என்று கேட்டது. உடனே அந்தத் தம்பி தன் பர்ஸிலிருந்து இரண்டு ஐநூறும் இரண்டு நூறும் எடுத்துக் கொடுத்தார். ஆயா விரித்துப் பிடித்தது, நன்றி சொன்னது, படம் எடுத்தார்கள். முடிந்ததும் கையை நீட்டினார். ஆயா ஒவ்வொரு நோட்டாக எண்ணி அவர் கையில் வைத்து, "நல்லா எண்ணிப் பாத்துக்க தம்பி, அப்புறம் கெழவி எடுத்துட்டான்னு சொல்லக் கூடாது" என்றது. அவர் எண்ணிப் பார்த்துத்தான் பர்ஸில் வைத்தார்.

இந்த 1,200-ல் 60 முதல் 79 வயது வரை உள்ளவர்களுக்கு மத்திய அரசின் பங்கு 200 ரூபாய், மிச்சம் மாநிலம் போடுவது. இதைப் பற்றி எந்த விவாதத்திலும் ஒருவரும் கத்தி நான் பார்த்ததில்லை.

முன்னாள் கருவூலம்

நல்ல பகிர்வுகள். நானும் ஒன்று சொல்கிறேன். ஓய்வு பெற்ற ஒரு அம்மா, வாட்ஸ்அப்பில் வந்ததை பிரிண்ட் எடுத்து நான்காக மடித்துக்கொண்டு வீட்டுக்கே வந்துவிட்டார். நிதிச் சட்டம் 2025-ன்படி ஓய்வூதியர்களுக்கு இனி அகவிலைப்படியும் கிடையாது, ஊதியக்குழுப் பலனும் கிடையாது என்று அதில் இருந்தது. ஒரு சேனல் லோகோ வேறு ஓரத்தில். பொய் என்று சொல்லியும் அவர் முகம் தெளியவில்லை. "லோகோ இருக்கே சார்" என்றார்.

அது பொய்தான். மத்திய அரசின் உண்மைச் சரிபார்ப்புப் பிரிவே மறுத்தது. உண்மையில் மாறியது மத்திய ஓய்வூதிய விதிகளில் 37-வது விதி. அந்த மாற்றமும், அரசுப் பணியிலிருந்து பொதுத்துறை நிறுவனத்துக்குப் போய் அங்கே ஒழுங்கீனத்துக்காக நீக்கப்பட்டவர்களுக்கு மட்டும் பொருந்துவது.

சரி, இங்கே பல பேர் படிக்கிறார்கள், பயன்படும் என்பதால் சில விஷயங்கள். உயிரோடு இருப்பதைக் காட்டக் கொடுக்கும் வாழ்வுச் சான்றிதழ் என்றால் எல்லோருக்கும் நவம்பர் என்று டிவியில் சொல்வார்கள். மத்திய அரசு ஓய்வூதியருக்குத்தான் நவம்பர், அவர்களிலும் 80 தாண்டியவர்கள் அக்டோபரிலேயே கொடுக்கலாம். மாநில அரசு ஓய்வூதியருக்கு அதற்கான நேர்காணல், வருடா வருடம் அவர் ஓய்வு பெற்ற மாதத்தில். ஈபிஎஸ்-காரர்கள் எந்த மாதமும் கொடுக்கலாம், கொடுத்த நாளிலிருந்து ஒரு வருடம் செல்லும். பஞ்சாலைக்காரன் நவம்பர் வரிசையில் நிற்க வேண்டியதே இல்லை. ரேகை விழாதவர்கள் செல்போனில் முகத்தைக் காட்டி ஜீவன் பிரமாண் எனும் மின்னணு வாழ்வுச் சான்று எடுக்கலாம், தபால்காரரை வீட்டுக்கு வரவழைத்தும் எடுக்கலாம்.

அடுத்தது, ஓய்வு பெறும்போது மொத்தப் பணமாகத் தொகுத்துப் பெற்ற ஓய்வூதியப் பகுதி 15 வருடம் கழித்து மீண்டும் சேர வேண்டும். தானாகச் சேர்ந்துவிட்டதா என்று பாஸ்புக்கில் பாருங்கள். 80 வயது முடிந்தால் கூடுதல் ஓய்வூதியம் 20 சதவீதம், 85-ல் 30, 90-ல் 40, 95-ல் 50, நூறில் முழுசாக இன்னொரு மடங்கு. இதில் சிக்கல் எங்கே வருகிறது என்றால், ஓய்வூதியக் கொடுப்பாணையில் (பிபிஓ), கணவருக்குப் பிறகு குடும்ப ஓய்வூதியம் வாங்கப்போகும் மனைவியின் பிறந்த தேதி பல பேருக்கு இருக்காது. கணவர் இருக்கும்போதே ஆதாரோடு சேர்த்து மனுக் கொடுத்துப் பதிவு செய்துவிடுங்கள், பிறகு அலைய வேண்டாம். இன்னொன்று, பணியில் இருக்கும்போது இறந்தவர் குடும்பத்துக்கு முதலில் கடைசிச் சம்பளத்தில் 50 சதவீதம் வரும், ஒரு காலத்துக்குப் பிறகு 30 ஆகும். திடீரென்று பணம் குறைந்தது, பாங்கில் திருடிவிட்டார்கள் என்று சண்டைக்குப் போகாதீர்கள். அப்புறம் வாரிசு நியமனம்...

ஆட்டோ சேகரிப்பு

கருவூலம் சார், மூச்சு விடுங்க. எங்க ஸ்டாண்டில் பதினஞ்சு பேர், பென்ஷன்னு ஒண்ணு வரப்போறது ஒருத்தருக்கும் இல்லை. மத்திய அரசோட அடல் பென்ஷன் திட்டத்துல சேரலாம்னு கேட்டா 40 வயசு தாண்டிடுச்சுன்னுட்டாங்க. எங்ககிட்ட எந்த சேனலும் மைக் நீட்டினதில்லை, அதனால சொல்ல அனுபவமும் இல்லை.

சிபிஎஸ் 2006

நான் ஒரு டிவி விவாதத்துக்குப் போயிருக்கிறேன். 2024 ஆகஸ்டில் மத்திய அரசு யூபிஎஸ் எனும் ஒருங்கிணைந்த ஓய்வூதியத் திட்டத்தை அறிவித்த வாரம். அரசு ஊழியர்கள் ஒரு பக்கம், தனியார் ஊழியர்கள் எதிர்ப் பக்கம். யூபிஎஸ் மத்திய அரசு ஊழியருக்கு, 25 வருடம் முடித்தால் கடைசி ஒரு வருட அடிப்படைச் சம்பளச் சராசரியில் பாதி. நான் மாநில ஊழியர், அது எனக்கு இல்லவே இல்லை. இதை வாசலிலேயே சொன்னேன். "அது டீடெயில் மேடம், நீங்க அரசு ஊழியர்தானே, உட்காருங்க" என்றார்கள். எதிர்ப் பக்கத்தைப் பார்த்துக் கையை நீட்டிப் பேச வேண்டும் என்பதுதான் கொடுத்த ஒரே குறிப்பு.

நடுவில் விளக்கு மாற்ற இடைவேளை. எதிரே இருந்த ஒரு அக்கா எழுந்து வந்து பக்கத்தில் உட்கார்ந்தார். ஏற்றுமதி நிறுவனத்தில் கணக்குப் பிரிவாம். "உங்ககிட்ட பிடிக்கிற பத்து சதவீதம் எங்கங்க இருக்கு?" என்று கேட்டார். அரசுக் கணக்கில், எங்கள் மாநிலம் தேசிய பென்ஷன் திட்டத்தில் சேரவே இல்லை என்றேன். "எங்களுக்கு கம்பெனி போடுறதுல 8.33 பென்ஷனுக்குப் போகுது, அதுவும் 15,000 வரைக்கும்தான் கணக்கு, மாசம் 1,250. என் சம்பளம் எவ்வளவு இருந்தா என்ன?" என்றார். அவர்கள் கொடுத்த குறிப்புத் தாளைத் திருப்பிப் போட்டு இரண்டு பேரும் கணக்குப் போட்டோம். 30 வருடம் உழைத்தால் அவருக்கு ஏழாயிரத்துக்குக் கீழேதான் வருகிறது. "உங்களுக்காவது கடைசிச் சம்பளத்தை வச்சுப் பென்ஷன் வரும்னு நம்பிட்டு இருந்தேன்" என்றார். கேமரா தயார் என்று குரல் வந்தது. போய் உட்கார்ந்தவர், விளக்கு எரிந்த உடனே என்னைப் பார்த்துக் கையை நீட்டி, "எங்க வரிப்பணத்துல சொகுசா வாழறீங்க!" என்று கத்தினார். அந்தக் காட்சிதான் நிகழ்ச்சிக்கு விளம்பரமாக வாரம் முழுக்க ஓடியது. அவர் பேரைக்கூட நான் கேட்டு வைத்துக்கொள்ளவில்லை.

வாத்தியார் ஐயா, கீழே உள்ளதை யாரும் உயர்த்த வரமாட்டார்கள் என்றீர்கள். அந்த இடைவேளையை ஒளிபரப்பியிருந்தால் ஒருவேளை வந்திருப்பார்கள்.

கருவூலம் ஐயா, ஆட்டோ அண்ணன் சொன்னதைப் பொருட்படுத்தாதீர்கள், எனக்கு ஒரு சந்தேகம். மாமியார் வாங்குவது குடும்ப ஓய்வூதியம், 81 ஆகிறது. அந்த 20 சதவீதம் அவருக்கும் உண்டா?

முன்னாள் கருவூலம்

உண்டு அம்மா. கொடுப்பாணையில் அவர் பிறந்த தேதி இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். இல்லையென்றால் ஆதார் நகலோடு கருவூலத்தில் மனுக் கொடுங்கள், 80 முடிந்த மாதத்திலிருந்து நிலுவையையும் சேர்த்துக் கேளுங்கள். மனு வாங்கியதற்கு ரசீது கட்டாயம் வாங்குங்கள். வாரிசு நியமனம் பற்றிச் சொல்லாமல் விட்டதை நாளைக்கு எழுதுகிறேன்.