ஜெலட்டின் காயம் ஒட்டவே மாட்டேங்குது, காலையில ஷூட், யாராச்சும் சொல்லுங்க

மூணாம்டேக் | இரவு 9.40
அவசரம். காலேஜ் ஷார்ட் ஃபிலிம், காலையில ஷூட். ஹீரோவுக்கு நெத்தியில காயம் வேணும். ஜெலட்டின் காய்ச்சி ஊத்தினேன். ரெண்டு நிமிஷம் சூப்பரா இருக்கு, அவன் புருவத்தைத் தூக்கினா பொட்டுனு விண்டு விழுது. மூணு தடவை பண்ணியாச்சு, மூணு தடவையும் அதே கதை. ரத்தம் வேற கேமராவுல ரோஸ்மில்க் மாதிரி தெரியுது. என்ன தப்பு பண்றேன்?

டியூப்லைட் | இரவு 9.46
என்ன காயம் ப்ரோ? வெட்டா, சிராய்ப்பா, வீக்கமா? கதைப்படி எப்போ பட்டது, இப்பவா நேத்தா? ரத்தம் எதுல பண்ணீங்க? என்ன கேமரா? ரூம்ல என்ன லைட்? இதுல ஒண்ணையும் சொல்லாம என்ன தப்புன்னு கேட்டா நாங்க ஜோசியமா பார்க்க முடியும்?

பழையரீல் | இரவு 9.51
இதே கேள்வி இங்க மாசம் ஒரு தடவை வருது. மேலே தேடுற பெட்டி ஒண்ணு இருக்கு, அதை யாரும் தொடுறதில்லை. ஷூட்டுக்கு முந்தின ராத்திரி மேக்கப் கத்துக்க உட்கார்ற தலைமுறை. நாங்கல்லாம் ஒரு தழும்புக்கு ஒரு வாரம் டெஸ்ட் எடுத்துட்டுத்தான் கேமராவையே திறப்போம்.

குலசேகரத்தான் | இரவு 9.55
ஜெலட்டினை விட்டுத் தள்ளுங்க. சினிமாக்காரங்க காயத்துக்குப் போடுற லேட்டக்ஸ் என்ன சாதனம்? ரப்பர் பால்தானே. எங்க ஊர்ப் பக்கம் மரத்துல சிரட்டை கட்டி எடுக்கிறதுதான். டிஷ்யூ பேப்பரைக் கிழிச்சு ஒட்டி அதுமேல பாலைத் தடவி, காஞ்சதும் நடுவுல கீறினா அசல் தோல் உரிஞ்ச மாதிரியே இருக்கும். நான் கையில போட்டுப் பார்த்திருக்கேன்.

நைட்டூட்டி | இரவு 10.02
தயவுசெஞ்சு தோட்டத்துப் பாலை முகத்துல போட்டுடாதீங்க. வெட்டின பால் கொஞ்ச நேரத்துல திரிஞ்சிடும். திரியாம இருக்க அமோனியா சேர்ப்பாங்க, அது கண்ணுக்குப் பக்கத்துல போனா என்ன ஆகும்னு சொல்லத் தேவையில்ல. ரப்பரே ஒத்துக்காத ஆட்களும் உண்டு. கையுறை போட்டதுக்கே தடிப்புத் தடிப்பா வந்து நின்னவங்களை நான் பார்த்திருக்கேன். முகத்துக்குன்னு விக்கிற லேட்டக்ஸா இருந்தாலும் முந்தின நாளே முழங்கை மடிப்புல ஒரு பொட்டு வெச்சுப் பார்க்கணும். புருவத்துல வாசலின் தடவாம போட்டீங்கன்னா, உரிக்கும்போது புருவமும் கூடவே வரும்.

குலசேகரத்தான் | இரவு 10.05
கையில போட்டு ஒண்ணும் ஆகலைன்னுதான் சொன்னேன். முகத்துக்குன்னு சொல்லலை.

டியூப்லைட் | இரவு 10.06
கேள்வியே நெத்தியைப் பத்தித்தானே அண்ணே.

மூணாம்டேக் | இரவு 10.14
சாரி, சாப்பிடப் போயிட்டேன். பைக்ல இருந்து விழுறான். விழுந்த உடனே ஒரு சீன், ரெண்டு மணி நேரம் கழிச்சு ரூம்ல ஒரு சீன். ரத்தம் சிவப்பு கேசரி பவுடரும் தண்ணியும். ஜெலட்டின் நல்லா கொதிக்க விட்டுத்தான் ஊத்தினேன்.

நைட்டூட்டி | இரவு 10.17
கொதிக்க விட்டு நெத்தியிலயா??

மூணாம்டேக் | இரவு 10.18
கொஞ்சம் ஆற வெச்சுத்தான் அக்கா. அவன் லைட்டா கத்தினான்.

கோமதிகேக் | இரவு 10.21
தம்பி, நான் வீட்டுல கேக் போடுறவ, சினிமா பத்தி எனக்கு ஒண்ணும் தெரியாது. ஒரு கேள்வி மட்டும். நீ வாங்கின ஜெலட்டின் பவுடரா இருந்துச்சா, இல்ல வெள்ளையா பிளாஸ்டிக் நார் மாதிரி நீளமா இருந்துச்சா?

மூணாம்டேக் | இரவு 10.22
நார் மாதிரிதான். கடைக்கார அண்ணாச்சி ரெண்டும் ஒண்ணுதான் தம்பின்னு சொல்லிக் குடுத்தார்.

கோமதிகேக் | இரவு 10.29
அது சைனா கிராஸ்டா தம்பி! கடல்பாசி. ரெண்டும் ஒண்ணு இல்லவே இல்ல. ஜெலட்டின் மாட்டுத் தோல், பன்றித் தோல், எலும்புல இருந்து எடுக்கிறது. உடம்புச் சூட்டுக்கே இளகும், இழுத்தா ரப்பர் மாதிரி கொடுத்துப் போகும். சைனா கிராஸ் ஏறக்குறைய 85 டிகிரி வரைக்கும் இளகாது, ஆனா வளைச்சா மளுக்குனு முறியும். நோன்பு நேரத்துல பால் ஊத்திப் பண்ற கடல்பாசித் துண்டை வளைச்சுப் பார்த்திருக்கியா? அதைத்தான் நீ அந்தப் பையன் புருவத்துக்கு மேல ஒட்டி வெச்சிருக்க. அவன் முகம் சுளிச்சா முறியத்தான் செய்யும்.

நிஜ ஜெலட்டினா இருந்தா ஒரு ஸ்பூன் பவுடரைப் பச்சைத் தண்ணி ஒரு ஸ்பூன்ல பத்து நிமிஷம் ஊற வை. கிளிசரின் ஒரு ஸ்பூன் சேர்த்து, அந்தக் கிண்ணத்தை வெந்நீர்ப் பாத்திரத்துல வெச்சுக் கரை. கொதிக்கவே கூடாது, கொதிச்சா பிடிப்பு போயிடும். கிளிசரின்தான் அதைக் காய விடாம வெச்சிருக்கும். எண்ணெய் தடவின எவர்சில்வர் தட்டுல மெல்லிசா ஊத்தி, உறைஞ்சதும் உரிச்சு எடு. முகத்துல நேரா ஊத்தாதே கண்ணு.

கட்டுமரம் | இரவு 10.33
அக்கா செம. தட்டுல இருந்து உரிச்சதை நாடகக்காரங்க மீசை ஒட்டுற ஸ்பிரிட் கம்முல ஒட்டணும். ஓரத்தை மட்டும் வெந்நீர்ல தோய்ச்ச பிரஷ்ஷால தடவினா தோலோட கரைஞ்சு போயிடும். அந்த ஓரம் தெரிஞ்சா மேக்கப்னு குழந்தை கூட கண்டுபிடிச்சிடும்.

மூணாம்டேக் | இரவு 10.35
இந்நேரத்துக்கு ஜெலட்டினுக்கு எங்க போறது? கடையெல்லாம் மூடியாச்சு. மெடிக்கல் மட்டும்தான் திறந்திருக்கு.

பழையரீல் | இரவு 10.38
காயம் எதுக்குங்கிறேன். விழுற சத்தம், பார்க்கிறவன் முகம், முடிஞ்சது. காட்டத் தெரியாதவன்தான் ரத்தத்தைக் காட்டுவான். 1960-ல 'சைக்கோ' குளியலறைக் காட்சியில ஓடினது சாக்லேட் சிரப். அதைத் தெரிஞ்சுக்கிட்டு வாங்க முதல்ல.

கட்டுமரம் | இரவு 10.40
அது கறுப்பு வெள்ளைப் படம் தல. அதுலயும் ரத்தம் ஓடுறதைக் காட்டினாங்க இல்ல? காட்டக் கூடாதுன்னு சொல்றதுக்கு இதுவா உதாரணம்?

பழையரீல் | இரவு 10.43
கத்தி உடம்புல இறங்குறதைத் தெளிவா காட்டினாங்களா? அதுதான் பாயின்ட். உங்களுக்கெல்லாம் படம் பார்க்கவே தெரியலை.

கட்டுமரம் | இரவு 10.44
பார்க்கத் தெரிஞ்ச நீங்க எடுத்த படத்தோட லிங்க் போடுங்க, பார்த்துக் கத்துக்கிறோம்.

பழையரீல் | இரவு 10.47
நான் லிங்க் போட்டுப் பிழைக்கிறவன் இல்லை.

டியூப்லைட் | இரவு 10.48
ரெண்டு பேரும் தனியா ஒரு இழை திறந்துக்கோங்க. பையனுக்குக் காலையில ஷூட்.

நைட்டூட்டி | இரவு 10.56
நான் பார்த்ததைச் சொல்றேன். பைக்ல இருந்து விழுந்து வர்றவங்களுக்கு நெத்தியில அழகா ஒரு கீறல் மட்டும் இருக்காது. உள்ளங்கை, முழங்கை, முட்டி எல்லாம் சிராய்ச்சிருக்கும். சிராய்ப்பு ஒரே திசையில கோடு கோடா போகும், நடுவுல மண்ணும் பொடிக்கல்லும் ஒட்டியிருக்கும், குண்டூசி குத்தின மாதிரி சிவப்புப் புள்ளிகள் தெரியும். காய்ஞ்ச தேங்காய் நாரைச் சுருட்டி, சிவப்புல தொட்டு, ஒரே பக்கமா இழுத்துப் பாருங்க. அப்படியே வரும். இதுக்கு ஜெலட்டினே வேணாம்.

நெத்திக் காயத்துல ரத்தம் நிறைய வரும், புருவத்துல தேங்கி ஓரமா இறங்கும். அவன் கீழே கிடந்தா காதுப் பக்கம் போகணும், எழுந்த பிறகுதான் கன்னத்துல இறங்கணும். படுத்திருக்கிறவனுக்குத் தாடை வரைக்கும் ரத்தம் ஓடுறதைப் பார்த்தா எனக்குச் சிரிப்புதான் வருது. ரெண்டு மணி நேரம் கழிச்சுன்னா பழுப்பா காய்ஞ்சு வெடிச்சிருக்கும், பளபளன்னு இருக்காது. அடிபட்ட இடத்துல பச்சை, மஞ்சள் எல்லாம் பூசிடாதீங்க, அந்த நிறம் வர நாள் கணக்காகும். உங்க ரெண்டாவது சீனுக்குச் சிவப்பும் லேசா ஊதாவும் போதும்.

திண்ணை | இரவு 11.01
ரத்தத்துக்கு மஞ்சளும் சுண்ணாம்பும் கலந்த ஆரத்தித் தண்ணி. அஞ்சு பைசா செலவில்லை. கல்யாண வீட்டுல பார்த்ததில்லையா, அச்சு அசல் ரத்தம்.

கோமதிகேக் | இரவு 11.04
ஆரத்தி தட்டுல இருக்கிற வரைக்கும்தான் சிவப்பு. சுண்ணாம்பு முகத்துல எரியும். வேர்வை பட்டா திரும்ப மஞ்சளாக ஆரம்பிச்சிடும். விழுந்தவனுக்கு ரத்தம் வருதா மஞ்சகாமாலை வருதான்னு ஆகிடும்.

கட்டுமரம் | இரவு 11.10
மூணாம்டேக், ரோஸ்மில்க் ஏன்னு சொல்றேன். கேசரி பவுடர் வெறும் தண்ணியில கண்ணாடி மாதிரி தெளிவா இருக்கும், வெளிச்சம் ஊடுருவி அடியில இருக்கிற தோல் தெரியும். அதான் பிங்க். நிஜ ரத்தத்துல அடி தெரியாது. வீட்டுல நன்னாரி சர்பத் பாட்டில் இருக்கா? அந்தப் பழுப்பும் கெட்டியும்தான் உனக்கு வேணும். அதுல கேசரி பவுடரை அடர்த்தியா போட்டு, கோக்கோ பவுடர் ஒரு சிட்டிகை சேர்த்துக் குழை. கோக்கோ இல்லைன்னா காபித் தூள், நல்லா வடிகட்டிடு. காய்ஞ்ச ரத்தத்துக்குக் காபி இன்னும் கொஞ்சம். வாயில பட்டாலும் பயமில்லை. ஃபோன்ல எடுக்கிறதா இருந்தா திரையில முகத்தைத் தொட்டு வெளிச்சத்தைக் கொஞ்சம் கீழே இழு, சிவப்பு தானா இறங்கி வரும்.

காயத்துக்கு மெடிக்கல்ல வாசலின் வாங்கு. ஒரு ஸ்பூன் வாசலின்ல மைதாவைக் கொஞ்சங்கொஞ்சமா போட்டுச் சப்பாத்தி மாவு பதத்துக்குப் பிசை, ஃபவுண்டேஷன் கலந்து அவன் தோல் நிறத்துக்குக் கொண்டு வா. நெத்தியில சுண்டுவிரல் அளவுக்கு மட்டும் வெச்சு, ஓரத்தை வாசலின் தொட்ட விரலால இழுத்துவிடு. பல்குத்துற குச்சியால நடுவுல பிளந்து, உள்ளே கரும்சிவப்பு. மேலே முகப் பவுடர் ஒத்திக்கோ. வேர்த்தா வழுக்கும், அதனால குளோசப்பை முதல்ல எடுத்துடு.

இன்னொண்ணு, ரோட்டுல எடுக்கிறதா இருந்தா அக்கம்பக்கத்துல சொல்லிட்டு எடு. எங்க ஷூட்ல ஒரு பெரியவர் பதறிப்போய் 108-க்குப் போன் போட்டுட்டார். வண்டி வந்து நின்னுச்சு, நாங்க நெளிஞ்சுக்கிட்டு நின்னோம்.

நைட்டூட்டி | இரவு 11.13
அந்த வண்டி அந்த நேரத்துல வேற யாருக்கோ போயிருக்க வேண்டியது.

கட்டுமரம் | இரவு 11.14
தெரியும் அக்கா. அதான் சொல்றேன்.

கோமதிகேக் | மறுநாள் காலை 7.30
தம்பி என்ன ஆச்சு? கழுவும்போது முதல்ல தேங்காய் எண்ணெய் தடவித் துடைச்சிட்டு அப்புறம் சோப்பு போடுங்க. கேசரி கலர் ரெண்டு நாளைக்கு லேசா நிக்கும், பயப்படாதீங்க.

பழையரீல் | மறுநாள் மதியம் 1.15
பதில் வராது. காரியம் முடிஞ்சா போயிடுவாங்க.

மூணாம்டேக் | மறுநாள் இரவு 8.05
முடிஞ்சது. மைதாதான் போட்டோம், 9 மணி வெயில்ல வழிய ஆரம்பிச்சிடுச்சு, அதுக்குள்ள குளோசப் எடுத்தாச்சு. நார் ஐடியா வேற லெவல். நன்னாரி ரத்தம் சூப்பர், ஆனா தரையில படுத்து நாலாவது டேக்ல ஹீரோ புருவத்துல எறும்பு. அவன் துடிச்சதை நடிப்புன்னு நெனச்சு கட் சொல்லலை, அந்த டேக்தான் ஓகே ஆச்சு. தேங்க்ஸ் அக்கா, அண்ணா.

டியூப்லைட் | மறுநாள் இரவு 8.11
எல்லாம் சரி. என்ன கேமரான்னு கடைசி வரைக்கும் சொல்லவே இல்லையே?