புதுப்பிப்பு: படகு கார் ஷெட்டுக்கே வந்துவிட்டது

வடகிழக்குப் பருவமழைக்கு எங்கள் ஃபைபர் துடுப்புப் படகைக் கொடைக்கானலிலேயே வைப்பதா, வத்தலக்குண்டு குடோனுக்கு இறக்குவதா என்று கேட்டிருந்தேன். பலரும் குடோன் என்றீர்கள். கீழே ஈரம் குறைவுதான். ஆனால் ஒவ்வொரு முறையும் மலைப்பாதையில் வண்டி பிடித்து ஏற்றி இறக்க யாரால் ஆகும்? வீட்டு கார் ஷெட்டையே ஒதுக்கிவிட்டோம். (கார் வெளியே நனைகிறது. பேச்சும் வாங்கியாகிவிட்டது.)

இரண்டு மரக்கட்டைகள் மேல் பழைய டயர்த் துண்டு போட்டு, படகைக் கவிழ்த்து வைத்திருக்கிறோம். ஷெட்டுக்குப் பக்கச்சுவர் இல்லை, சாரல் அடிக்கும், அதனால் தார்ப்பாய். அது படகின் மேல் ஒட்டிக் கிடந்தால் மூடுபனியில் உள்ளே வேர்த்து, பலகை இருக்கையில் பூஞ்சை பிடித்துவிடும். மேலே குறுக்கே கயிறு இழுத்துக் கட்டி, அதன்மேல் கூடாரம் மாதிரி போட்டு, இரு முனைகளையும் காற்றுக்கு விட்டிருக்கிறோம்.

அப்புறம், ஏரிப் பக்கம் ஒருவர் திறந்தவெளி இடம் தருவதாகச் சொன்னார். ராத்திரியில் காட்டுமாடு உலாத்துகிற இடம். வேண்டாம் என்றுவிட்டேன்.