இழைப்புளியை நாமே செய்யலாமா, வாங்குவதே மேலா?

மரத்தூள்:
மூன்று ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து ஓர் இழைப்புளி (பலகையைச் சீவி வழவழப்பாக்கும் தச்சுக் கருவி) செய்து முடித்தேன். காரைக்குடிப் பக்கம் இடித்த வீட்டிலிருந்து வந்த வேங்கை நிலைச்சட்டம், 10 அங்குலம். மரவேலைக் கலைஞர் ஜேம்ஸ் கிரெனவ் கலிபோர்னியாவில் மாணவர்களுக்குச் சொல்லிக்கொடுத்த முறை: கட்டையின் இரண்டு பக்கமும் 8 மி.மீ. பலகை அறுத்து எடுத்து வைத்துவிட வேண்டும். நடுக்கட்டையைச் சாய்வாக இரண்டு துண்டாக்கி, நடுவில் வாய் (பிளேடின் முனை எட்டிப் பார்க்கும், சீவல் மேலேறும் இடுக்கு) விட்டு, பக்கப் பலகைகளை மறுபடி ஒட்ட வேண்டும். பிளேடை இறுக்கும் ஆப்பைத் தாங்க ஒரு குறுக்குக் குச்சி. உளியை விட்டுக் குடையவே வேண்டாம். பிளேடின் சாய்வு 50 டிகிரி வைத்தேன், வாய் அரை மில்லிமீட்டருக்கும் குறைவு. தேக்கில் ஓட்டியபோது வந்த சீவலைச் செய்தித்தாள் மேல் போட்டேன், எழுத்து தெரிந்தது. இனிமேல் இரும்பு இழைப்புளிக்கு ஏன் காசைக் கொட்ட வேண்டும்?

இரும்புக்கை:
சீவல் அருமை, மறுக்கவில்லை. ஆனால் தம்பி, மூன்று ஞாயிற்றுக்கிழமையில் ஒரு ஸ்டூலே முடிந்திருக்கும். இங்கே பலர் கருவி செய்துகொண்டே இருக்கிறார்கள், அந்தக் கருவியால் ஒரு பெட்டி கூடச் செய்ததில்லை. அப்புறம், வெட்டுவது உங்கள் வேங்கைக்கட்டை இல்லை, பிளேடு. அதைக் கடையில்தானே வாங்கினீர்கள்?

அமெரிக்காவின் ஸ்டான்லி கம்பெனி 1869-ல், இரும்பு இழைப்புளியை வடிவமைத்த பெய்லியின் தொழிலையும் காப்புரிமைகளையும் வாங்கியது. அந்த வடிவம் இன்றுவரை நிற்கக் காரணம், திருகைத் திருப்பினால் பிளேடு மயிரிழை இறங்கும், ஏறும் என்பதுதான். மரத்தில் சுத்தியலால் தட்டித்தட்டிக் கண்டுபிடிக்க வேண்டும். ஐப்பசியில் மழை பிடிக்கட்டும், உங்கள் கட்டையின் அடி சமமாக நிற்கிறதா என்று ஸ்கேலை வைத்துப் பாருங்கள்.

மரத்தூள்:
இரும்பு வாங்காமல் பேசவில்லை அண்ணே. மூவாயிரத்துச் சொச்சம் கொடுத்து ஒன்று வாங்கினேன். அடியில் ஸ்கேலை வைத்தால் வாய்க்கு அருகில் வெளிச்சம் தெரிந்தது, பள்ளம். கண்ணாடி மேல் உப்புத்தாள் ஒட்டி ஒரு வாரம் தேய்த்தேன், விரல் நுனியெல்லாம் கருப்பு. அந்த ஒரு வாரத்தை யார் கணக்கில் எழுதுவது? தட்டுவதும் பெரிய வித்தை இல்லை. பிளேடின் தலையில் தட்டினால் இறங்கும், கட்டையின் பின்பக்கம் தட்டினால் ஏறும். பத்து நிமிடத்தில் கை பழகிவிடும்.

பட்டறைப்பிள்ளை:
குறுக்கே வருகிறேன். அப்பா ஆசாரி, தஞ்சாவூர்ப் பக்கம். எங்கள் வீட்டில் இழைப்புளியை "செய்வதா, வாங்குவதா" என்று யாரும் கேட்டதில்லை. பிளேடு வாங்குவோம், கட்டை நாமே. சில சமயம் அப்பா பிளேடையும் லாரியின் வில்பட்டையிலிருந்து கொல்லுப்பட்டறையில் அடித்து வாங்குவார். எண்ணெயில் தோய்த்த பிறகு மறுபடி மெல்லச் சூடாக்கி, வைக்கோல் நிறம் வந்ததும் நிறுத்த வேண்டும். நீலம் ஏறவிட்டால் பதம் நிற்காது. ஆனால் 50 டிகிரி என்றால் அப்பா சிரிப்பார். தள்ளித்தள்ளித் தோள் போய்விடும், நாள் முழுக்க இழைப்பவனுக்கு 45 போதும் என்பார்.

மரத்தூள்:
நாள் முழுக்க இழைப்பவனுக்குச் சரி. எனக்கு ஞாயிற்றுக்கிழமை மட்டும்தான். வேங்கையிலும் படாக் மரத்திலும் நார் ஒரு பட்டை இப்படி, அடுத்த பட்டை அப்படி ஓடுகிறது. 45-ல் இழைத்தால் பாதி இடம் வழவழப்பு, மீதி பிய்ந்து நிற்கிறது.

இரும்புக்கை:
அதற்குத்தான் இரும்பில் பிளேடின் மேல் இரண்டாவது தகடு இருக்கிறது. அது வெறும் தாங்கல் இல்லை. ஜப்பானில் யமகதா பல்கலைக்கழகத்தில் கவாய், கதோ என்ற இருவர் சீவல் எழும்புவதை மிக அருகில் படம் பிடித்துக் காட்டினார்கள். அந்தத் தகடு கூர்முனையிலிருந்து 0.1 மி.மீ. தள்ளி நின்றால், சீவல் எழும்பியவுடனே மடங்குகிறது, நார் முன்னால் பிளந்து ஓடுவதில்லை. உங்கள் கட்டையில் தகடே இல்லை. வாயைக் குறுக்கிச் சமாளிக்கிறீர்கள். அடியை நாலு முறை சமன் செய்தால் வாய் அகலும். அப்போது?

மரத்தூள்:
இரண்டாவது தகடு மர இழைப்புளியிலும் வைக்கலாமே அண்ணே. கிரெனவ் முறையில் அதற்கும் இடம் விடுகிறார்கள். நான் வைக்காதது என் சோம்பல், மரத்தின் குற்றம் இல்லை. மரம் நிலைக்காது என்றால், இங்கிலாந்தில் 1545-ல் மூழ்கிய மேரி ரோஸ் கப்பலைத் தோண்டியபோது தச்சர்களின் மர இழைப்புளிகள் கிடைத்தன.

இரும்புக்கை:
கடலடிச் சேற்றில் காற்றுப் படாமல் கிடந்ததால் கிடைத்தன தம்பி. அதை வைத்து யாரும் பலகை இழைக்கவில்லை! ஈரத்துக்கு வாருங்கள். பச்சைத் தேக்கு முழுக்கக் காய்ந்தால் வளர்ச்சி வளையத்தின் போக்கில் 5.8 சதவீதம் சுருங்கும், நடுவிலிருந்து பட்டையை நோக்கிய திசையில் 2.5 சதவீதம்தான். வளையம் எந்தப் பக்கம் என்று பார்த்துக் கட்டையைத் தேர்ந்தீர்களா, கிடைத்ததை அறுத்தீர்களா?

மரத்தூள்:
கிடைத்ததைத்தான் அறுத்தேன். பழைய நிலை, நன்றாகக் காய்ந்தது என்ற தைரியம்.

பட்டறைப்பிள்ளை:
காய்ந்த மரமும் ஈரத்தைக் குடிக்கும், உமிழும். பழசானால் ஆட்டம் குறையும், நிற்காது.

*(ஐந்து மாதம் கழித்து)*

இரும்புக்கை:
சென்னையில் நாலு நாளாக விடாத மழை. மரத்தூள், ஸ்கேலை வைத்தீர்களா?

மரத்தூள்:
வைத்தேன், மறைக்காமல் சொல்கிறேன். அடி நடுவில் லேசாகப் புடைத்திருக்கிறது, இரண்டு ஓரத்திலும் வெளிச்சம். அதுகூடப் பரவாயில்லை. ஆப்பு சிக்கிக்கொண்டது. பக்கப் பலகைகளுக்கு நடுவே இடைவெளியே இல்லாமல் அழகுக்காக இறுக்கமாகச் செய்திருந்தேன், அது உப்பிப் பலகையைத் தள்ளிவிட்டது. ஒட்டிய இடத்தில் நகம் நுழையாத ஒரு கீறல். பின்பக்கம் கொட்டாப்புளியால் நாலு போடு போட்ட பிறகுதான் ஆப்பு வெளியே வந்தது.

இரும்புக்கை:
நான் என்ன சொன்னேன்?

மரத்தூள்:
சொன்னீர்கள். ஆப்பை இரண்டு பக்கமும் அரை அரை மில்லிமீட்டர் சீவினேன், கீறலில் பசை விட்டுப் பிடித்தேன். பிளேடை உள்ளே ஏற்றி, ஆப்பை இறுக்கிய நிலையிலேயே அடியைத் தேய்த்தேன். இறுக்காமல் தேய்த்தால் ஆப்பு போட்டதும் வளைவு திரும்பி வரும். பசை காய்ந்த நேரத்தை விட்டால் அரை மணி நேர வேலை. இரும்புக்கு ஒரு வாரம் ஆனது நினைவிருக்கட்டும்.

இரும்புக்கை:
இரும்புக்கு ஒருமுறை. இதற்கு வருடா வருடம். என் பேச்சில் மாற்றமில்லை. வாய் எவ்வளவு இப்போது?

மரத்தூள்:
முக்கால் மில்லிமீட்டர். தேக்கில் பிய்க்க ஆரம்பித்துவிட்டது.

பட்டறைப்பிள்ளை:
அதற்கு அழ வேண்டாம். அப்பாவின் எல்லா இழைப்புளியிலும் வாய்க்கு முன்னால் ஓர் ஒட்டு இருக்கும். முன்பக்கம் 6 மி.மீ. ஆழம் குடைந்து, கடினமான துண்டு ஒன்றை உட்கார வைத்து, வாயைப் புதிதாக அரத்தால் திறப்பார்.

மரத்தூள்:
என்ன மரம் வைப்பது? வேங்கையே வைக்கலாமா?

இரும்புக்கை:
வேங்கை வேண்டாம், ஈரம் பட்டால் மஞ்சளாகச் சாயம் விடும், வெளிர் மரத்தில் கறை தெரியும். கருவேலம் வையுங்கள். நார் அடியின் நீளவாக்கில் ஓடட்டும், குறுக்கே வைத்தால் அடுத்த மழைக்குப் பிதுங்கும்.