தம்பியின் விவரம் எல்லா அரசுத் தளத்திலும் இருக்கிறது, ஒன்றிலிருந்து இன்னொன்றுக்குப் போகாதா?

கரூர்க்காரன் கேட்டது:

என் தம்பி பி.காம். முடித்தவன். பன்னிரண்டாவது மதிப்பெண் சான்றிதழ் வாங்கப் போனபோதே பள்ளியில் வேலைவாய்ப்பு அலுவலகப் பதிவைப் போட்டுக் கொடுத்துவிட்டார்கள், டிகிரியை அப்புறம் நாங்களே இணையத்தில் சேர்த்தோம். பிறகு ஒரு மில்லில் கணக்குப் பிரிவில் வேலை கிடைத்தது, பிஎஃப், இஎஸ்ஐ இரண்டும் பிடித்தார்கள். ஆள் குறைத்தபோது அனுப்பப்பட்டவர்களில் இவனும் ஒருவன்.

இப்போது வேலை தேடலாம் என்று உட்கார்ந்தால் மத்திய அரசின் நேஷனல் கேரியர் சர்வீஸ் ஒரு தளம், தமிழக அரசின் தனியார் வேலை இணையம் இன்னொரு தளம், திறன் பயிற்சிக்கு நான் முதல்வன் தனி, இ-சேவை மையத்தில் கேட்டால் "இ-ஷ்ரம் (தொழிலாளர் பதிவுத் தளம்) போட்டுவிடுங்கள் சார், எதற்கும் இருக்கட்டும்" என்கிறார்கள். எல்லா இடத்திலும் அதே ஆதார், அதே ஓடிபி, அதே சான்றிதழ். பள்ளியிலிருந்து வேலைவாய்ப்பு அலுவலகத்துக்கு விவரம் தானாகப் போக முடியும் என்றால், பிஎஃப் பணம் நின்றதை வைத்து "இந்தப் பையனுக்கு வேலை போய்விட்டது, கணக்கு தெரிந்தவன், பக்கத்தில் எங்கே ஆள் வேண்டும்" என்று பார்க்க ஏன் முடியவில்லை? நாளைக்கே இவர்கள் எல்லாவற்றையும் இணைத்தால் நமக்கு நல்லதா, இல்லை ஏதாவது வெட்டு விழுமா? அம்மாவுக்கு மகளிர் உரிமைத் தொகை வருகிறது, அதனால்தான் கேட்கிறேன்.

பணிநிறைவு1959 எழுதியது:

இந்தத் துறையில் நெடுங்காலம் இருந்து ஓய்வு பெற்றவன் என்பதால் கொஞ்சம் நீளமாகவே சொல்கிறேன்.

பள்ளிக்கல்வித் துறைக்கும் வேலைவாய்ப்புத் துறைக்கும் நடுவே நடந்த அந்த இணைப்பு உண்மையிலேயே நல்ல வேலை. அதற்கு முன்னால் ரிசல்ட் வந்த வாரம் எங்கள் அலுவலக வாசலில் வரிசை தெருமுனை வரை நிற்கும். ஆனால் அது ஆளின் விவரத்தை மட்டும்தான் கொண்டு வந்தது, கூடவே ஒரு காலியிடம்கூட வரவில்லை.

1959-ஆம் ஆண்டு ஒரு சட்டம் வந்தது, காலியிடங்களைக் கட்டாயமாக அறிவிக்கும் சட்டம். 25 பேரோ அதற்கு மேலோ வேலை பார்க்கும் தனியார் நிறுவனமும் காலியிடத்தை வேலைவாய்ப்பு அலுவலகத்துக்கு (எக்ஸ்சேஞ்ச்) தெரிவிக்க வேண்டும் என்றது. தெரிவித்தால் போதும், நாங்கள் அனுப்பும் ஆளைத்தான் எடுக்க வேண்டும் என்று இல்லை. சரி, தெரிவிக்காவிட்டால்? முதல் தடவை 500 ரூபாய் வரை அபராதம், மறுபடி செய்தால் 1,000 வரை. அதுவும் நீதிமன்றம் போய்த்தான் வாங்க வேண்டும். இதற்கு எந்த முதலாளி பயப்படுவார்? காலாண்டுப் படிவத்தை அனுப்புவார்கள், காலியிடக் கட்டத்தில் 'இல்லை' என்று இருக்கும், அதே வாரம் கம்பெனி கேட்டில் 'ஆட்கள் தேவை' போர்டு தொங்கும். இப்போது அந்தச் சட்டத்தின் இடத்துக்கு சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பு வந்திருக்கிறது, எக்ஸ்சேஞ்சுக்கு கேரியர் சென்டர் என்று பெயர். காலியிடம் தெரிவிக்கும் கடமை அதிலும் தொடர்கிறது. பெயர் மாறினால் பழக்கம் மாறுமா என்பது வேறு கதை.

அரசு வேலை என்று பார்த்தாலும் பெரும்பாலானவை தேர்வாணையம் வழியாகத்தான் போகின்றன. எக்ஸ்சேஞ்ச் பட்டியலை மட்டும் வைத்து எடுக்காதீர்கள், பத்திரிகையிலும் விளம்பரம் செய்யுங்கள் என்று உச்ச நீதிமன்றம் 1996-லேயே சொல்லிவிட்டது. பதிவு மூப்பு (யார் முன்னால் பதிந்தார் என்ற வரிசை) பார்க்கும் பணியிடம் இன்னும் சில இருக்கிறது, அதனால் மூன்று வருடத்துக்கு ஒரு முறை புதுப்பிப்பதை மட்டும் விட்டுவிடாதீர்கள்.

மின்மினி எழுதியது:

இணைக்க முடியாது என்று யார் சொன்னார்கள்? வேண்டும் என்றால் ஒரே மாதத்தில் இணைப்பார்கள். மகளிர் உரிமைத் தொகையையே பாருங்கள். 2023-ல் ஒரு கோடியே 63 லட்சம் பேர் விண்ணப்பித்தார்கள், முதலில் கிடைத்தது ஒரு கோடியே ஆறு லட்சம் பேருக்கு. மீதிப் பேரை எப்படி வடிகட்டினார்கள்? வருடத்துக்கு 3,600 யூனிட்டுக்கு மேல் கரண்ட் ஓடுகிறதா, பெயரில் கார் இருக்கிறதா, நிலம் எவ்வளவு, வருமானம் இரண்டரை லட்சத்தைத் தாண்டுகிறதா என்று ஒவ்வொரு துறையின் பதிவையும் வைத்துச் சரிபார்த்தார்கள். மின்வாரியமும் வட்டாரப் போக்குவரத்து அலுவலகமும் அன்றைக்கு அழகாகக் கைகோத்தன. வசதி உள்ளவர்களுக்குப் போகக் கூடாது என்பதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. ஆனால் வாடகை வீட்டில் மூன்று குடித்தனத்துக்கு ஒரே மீட்டர் இருந்தால் யூனிட் யார் கணக்கில் ஏறும்? எங்கள் தெருவிலேயே ஒரு அக்கா அந்த ஒரு காரணத்துக்காகக் கோட்டாட்சியருக்கு மேல்முறையீடு போட்டு அலைந்தார்.

கழிக்கும்போது வேலை செய்கிற இணைப்பு, கொடுக்கும்போது மட்டும் 'சர்வர் டவுன்' ஆகிறது. கரூர்க்காரரின் பயம் நியாயமானதுதான்.

யாரா_ஆற்றங்கரை எழுதியது:

மெல்பர்னில் இருக்கிறேன். மின்மினி சொல்வது இங்கே பெரிய அளவில் நடந்தது, ரோபோடெட் என்று தேடிப் பாருங்கள். வேலையில்லாதவர்களுக்கு உதவித்தொகை தரும் துறை, வருமான வரித் துறையிடமிருந்து ஆண்டு வருமானத்தை வாங்கி, அதை இருபத்தாறு இருவாரங்களால் வகுத்து, "நீ எல்லா இருவாரமும் இவ்வளவு சம்பாதித்திருக்கிறாய், ஆனால் குறைத்துச் சொல்லி உதவி வாங்கினாய், திருப்பிக் கட்டு" என்று கடன் நோட்டீஸ் அனுப்பியது. ஆறு மாதம் சும்மா இருந்து ஆறு மாதம் வேலை பார்த்தவன் கணக்கு அந்த வகுத்தலில் எப்படிச் சரியாக வரும்? நான்கு லட்சம் பேருக்கு மேல் சிக்கினார்கள். இல்லாத கடனுக்கு நோட்டீஸ் வந்து உயிரை விட்டவர்களும் உண்டு. 2019-ல் நீதிமன்றத்தில் அது சட்டவிரோதம் என்று ஆனது, பணத்தைத் திருப்பிக் கொடுத்தார்கள், 2023-ல் விசாரணை ஆணையம் கடுமையாகவே எழுதியது.

இத்தனைக்கும் வரித் துறையின் எண் தப்பில்லை. வரிக்கு ஒரு வருடக் கணக்கு போதும், உதவித்தொகைக்கு இருவாரக் கணக்கு வேண்டும். ஒரு காரியத்துக்காக வாங்கிய விவரத்தை, அது எதற்காக வாங்கியது என்று பார்க்காமல் வேறு காரியத்துக்கு எடுத்துப் போட்டார்கள், நிரூபிக்க வேண்டிய பாரத்தையும் ஏழையின் தலையில் வைத்தார்கள். அதற்காக இணைக்கவே கூடாது என்று நான் சொல்லவில்லை. பெல்ஜியத்தில் 1990-லிருந்து சமூகப் பாதுகாப்புக்கு ஒரு நாற்சந்தி வங்கி (கிராஸ்ரோட்ஸ் பேங்க்) இருக்கிறது, பணத்துக்கான வங்கி அல்ல, விவரத்துக்கானது. எல்லா விவரத்தையும் அள்ளி ஒரே கிடங்கில் கொட்டுவதில்லை. யாருடைய எந்த விவரம் எந்தத் துறையில் இருக்கிறது என்ற அட்டவணை மட்டும் நடுவில் இருக்கும், உரிய அனுமதி உள்ள துறை கேட்டால் அங்கிருந்து எடுத்துத் தரும். ஏற்கெனவே அந்த வலைப்பின்னலில் இருப்பதை மக்களிடம் மறுபடி கேட்கக் கூடாது என்றும் சட்டம். வேலைக்குச் சேர்ந்ததையும் விலகியதையும் முதலாளி உடனுக்குடன் மின்வழியில் சொல்ல வேண்டும், அதை வைத்து வேலைவாய்ப்புத் துறைக்குத் தெரிந்துவிடும்.

பனியன்_கம்பெனி_ஹெச்ஆர் எழுதியது:

திருப்பூரில் ஒரு ஏற்றுமதி நிறுவனத்தில் சம்பளப் பட்டியல் பார்க்கிறேன். பெல்ஜியக் கதை நன்றாக இருக்கிறது, ஆனால் இங்கே பிஎஃப் விவரத்தை நம்பி யாராவது முடிவு எடுத்தால் என்ன ஆகும் என்று சொல்கிறேன்.

ஒவ்வொரு மாதமும் 15-ஆம் தேதிக்குள் நாங்கள் பிஎஃப் தளத்தில் இசிஆர் என்ற மாதக் கணக்கை ஏற்றுகிறோம், யாருக்கு எவ்வளவு சம்பளம், எவ்வளவு பிடித்தம் என்று அதில் இருக்கும். ஆக, ஒருவருக்குப் பணம் நின்றது அரசுக்கு அடுத்த மாதமே தெரியும். ஆனால் நின்றது ஏன் என்று தெரியாது. சம்பளமில்லா விடுப்பாக இருக்கலாம், பிரசவமாக இருக்கலாம், ஆர்டர் இல்லாமல் யூனிட்டை மூடி வைத்திருக்கலாம், கம்பெனியே பணம் கட்டாமல் இழுத்தடிக்கலாம். விலகிய தேதியை நிறுவனம் குறிக்க வேண்டும், பாதிப் பேர் குறிப்பதில்லை. சோம்பலால் சிலர், ஆளை மிரட்டி வைப்பதற்காகச் சிலர். தேதி இல்லாதவன் கணினியில் இன்னும் வேலையில்தான் இருக்கிறான். நாளைக்கு இதை வேலைவாய்ப்பு அலுவலகத்தோடு இணைத்து 'வேலையில் இருப்பவர்' என்று தள்ளிவிட்டால் யாரிடம் போய் அழுவது?

கரூர்க்காரரே, இப்போதே செய்ய வேண்டியது ஒன்று. தம்பியை யூஏஎன் (பிஎஃப் கணக்கு எண்) போட்டு பிஎஃப் தளத்தில் உள்ளே போய் சர்வீஸ் ஹிஸ்டரி (எங்கே எப்போது வேலை பார்த்தார் என்ற பதிவு) பார்க்கச் சொல்லுங்கள். விலகிய தேதி காலியாக இருந்தால், கடைசிப் பிடித்தம் முடிந்து இரண்டு மாதம் ஆன பிறகு அவரே ஆதார் ஓடிபி வைத்துக் குறிக்கலாம், 2020 தொடக்கத்திலிருந்து அந்த வசதி இருக்கிறது. நிறுவனத்தின் தயவு வேண்டாம்.

அடுத்தது இஎஸ்ஐ. அடல் பீமித் வியக்தி கல்யாண் யோஜனா என்று ஒன்று இருக்கிறது, வாயில் நுழையாத பெயர், அதனாலேயே யாருக்கும் தெரிவதில்லை. இரண்டு வருடம் காப்பீட்டில் இருந்து வேலை இழந்தவருக்கு சராசரி தினக்கூலியில் பாதி, அதிகபட்சம் 90 நாளைக்கு. வாழ்நாளில் ஒரு முறைதான். ஒழுங்கு நடவடிக்கையில் நீக்கப்பட்டிருந்தால் கிடையாது. திட்டத்தின் காலத்தை அவ்வப்போது நீட்டித்துக்கொண்டே போகிறார்கள், அதனால் போகும் முன் கிளை அலுவலகத்தில் இப்போது நடப்பில் இருக்கிறதா என்று கேட்டுவிடுங்கள். இணைப்பு என்று ஒன்று உருப்படியாக இருந்தால் இந்தச் செய்தி உங்கள் தம்பியின் கைப்பேசிக்குத் தானாக வந்திருக்க வேண்டும். இஎஸ்ஐக்கு அவர் எண் தெரியும், பிடித்தம் நின்றதும் தெரியும். இதில் இன்னொரு துறை தேவையே இல்லை.

கரூர்க்காரன் எழுதியது:

எல்லாருக்கும் நன்றி. பார்த்தோம், விலகிய தேதிக் கட்டம் காலிதான்! இரண்டு மாதம் தாண்டிவிட்டது, இன்றே குறிக்கிறோம். இஎஸ்ஐ விஷயம் எங்கள் வீட்டில் யாருக்கும் தெரியாது. இ-ஷ்ரம் போடலாமா, வேண்டாமா? மாநில அரசின் வேலையில்லாதோர் உதவித்தொகைக்கு இவன் விண்ணப்பிக்க முடியுமா? பிஎஃப் பிடித்தது அதற்குத் தடையா?

பணிநிறைவு1959 எழுதியது:

இ-ஷ்ரம் அமைப்புசாராத் தொழிலாளர்களுக்கானது. பிஎஃப், இஎஸ்ஐ உறுப்பினராக இருப்பவர்களுக்கு அது இல்லை. தம்பி மறுபடி கணக்கு வேலைக்குத்தான் போகப் போகிறார் என்றால் அவசரமில்லை. அங்கிருந்து நேஷனல் கேரியர் சர்வீஸுக்குப் போக இணைப்பு கொடுத்திருக்கிறார்கள், ஆனால் அதற்காக மட்டும் இதைப் போட வேண்டாம், அந்தத் தளத்திலேயே நேராகப் பதியலாம்.

உதவித்தொகைக்கு, படிப்பைப் பதிவு செய்து ஐந்து வருடம் ஆகியிருக்க வேண்டும், பதிவு நடப்பில் இருக்க வேண்டும், குடும்ப ஆண்டு வருமானம் 72,000 ரூபாய்க்குள், வயது 40-க்குள், பட்டியலினத்தவருக்கு 45. பட்டதாரிக்கு மாதம் 600, மூன்று வருடம் வரை. விண்ணப்பிக்கும்போது வேலையில் இருக்கக் கூடாது, முன்பு பிஎஃப் பிடித்தது மட்டும் தடையாகாது என்றுதான் நான் பார்த்த வரையில் நடந்திருக்கிறது. ஆனால் விலகிய தேதி காலியாக இருந்து யாராவது சரிபார்த்தால் கேள்வி வரும், அதனால் முதலில் அதை முடியுங்கள். வருமானச் சான்றிதழுக்கு வருவாய்த் துறைக்குத் தனியாகத்தான் போக வேண்டும், அது எங்கள் கணினிக்கு வராது. மில்லிலிருந்து விடுவிப்புக் கடிதம் ஏதாவது கொடுத்தார்களா? கொடுக்கவில்லை என்றால் கடைசிச் சம்பளச் சீட்டையாவது பத்திரமாக வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள், இஎஸ்ஐ அலுவலகத்துக்குப் போகும்போது பேங்க் பாஸ்புக்கோடு அதையும் கையில் கொண்டு போகட்டும்.