பழைய கிளிப் பிளேயரில் கேட்கிற மிருதங்கத் தொப்பி புதுப் பிளேயரில் கேட்கவில்லை: கோளாறு காதிலா, கருவியிலா?

கும்கி:
எல்லாருக்கும் வணக்கம். மூன்று நாளாக மண்டை காய்கிறது. கடைக்குத் திருப்பி அனுப்ப இன்னும் நாலு நாள்தான் இருக்கிறது, அதனால் கொஞ்சம் நீளமாகவே எழுதிவிடுகிறேன்.

என்னிடம் 2010-இல் வாங்கிய சான்சா கிளிப் பிளஸ் மியூசிக் பிளேயர் இருக்கிறது. தீப்பெட்டி அளவுதான், ராக்பாக்ஸ் என்ற இலவச மாற்று மென்பொருள் ஏற்றி இத்தனை வருடம் ஓட்டிவிட்டேன். இப்போது பேட்டரி ஒரு கச்சேரி முடியும்வரைகூடத் தாங்குவதில்லை. அதனால் போன வாரம் பன்னிரண்டாயிரம் ரூபாய் கொடுத்துப் புதிதாக ஒன்று வாங்கினேன். கம்பெனி பெயர் வேண்டாம். பெட்டி மேல் 24 பிட், 192 கிலோஹெர்ட்ஸ் என்று பெரிதாகப் போட்டிருக்கிறது.

நான் கேட்பதில் முக்கால்வாசி அப்பா மிருதங்கம் வாசித்த கச்சேரிகள். 1988, 89-இல் கோயில் உற்சவங்களில் மாமா டேப்ரிக்கார்டரில் பதிந்த கேசட்டுகள், நானே கணினியில் ஏற்றி தரம் குறையாத ஃபிளாக் கோப்புகளாக்கி வைத்திருக்கிறேன். அப்பா தொப்பியில், அதாவது மிருதங்கத்தின் இடப்பக்கத்தில், ரவையைப் பிசைந்து அப்புவார், தட்டிப் பார்ப்பார், நகத்தால் கொஞ்சம் சுரண்டி எடுப்பார், மறுபடி தட்டுவார், பக்கத்தில் வயலின்காரர் சுருதி சேர்த்து முடித்துவிட்டுக் காத்திருந்தாலும் அவசரப்பட மாட்டார். அந்தத் தொப்பியில் கும்கி (கையை அழுத்தி எழுப்பும் கனத்த நாதம்) எழுந்தால் வயிற்றில் உணரலாம். கிளிப்பில் அது அப்படியே இருக்கிறது. புதியதில் வலப்பக்கமான வலந்தலை நறுக்கென்று விழுகிறது, தொப்பி மட்டும் அட்டைப்பெட்டியைத் தட்டுகிற மாதிரி இருக்கிறது. ஒரே கோப்பு, ஒரே இயர்போன். என் காது பழக்கமா, இல்லை கருவியிலேயே கோளாறா?

ரேடியோ ரிப்பேர்:
முதலில் சின்ன விஷயங்களை ஒதுக்கிவிடலாம் தம்பி. புதியதில் ஈக்வலைசர், சரவுண்ட், ஒலி மேம்பாடு என்று என்னென்ன பெயரில் இருக்கிறதோ எல்லாவற்றையும் அணைத்தீர்களா? கிளிப்பில் ராக்பாக்ஸின் பேஸ் எத்தனையில் இருக்கிறது? ரீப்ளேகெய்ன் (பாட்டுகளின் சத்தத்தைத் தானாகச் சமப்படுத்தும் வசதி) ஒன்றில் ஓடி மற்றதில் ஓடவில்லையா? அப்புறம் முக்கியமான கேள்வி, இரண்டின் சத்தத்தையும் எப்படிச் சமப்படுத்தினீர்கள்? காதால் என்றால் அந்த ஒப்பீட்டை நம்பாதீர்கள். சத்தம் குறையக் குறைய நம் காதுக்கு மத்திய சுரங்களைவிடத் தாழ்ந்த ஒலிதான் முதலில் மங்கும், 1933-லேயே பிளெட்சரும் மன்சனும் அளந்து காட்டிய விஷயம் இது. ஒரு டெசிபல் குறைவாக ஓடும் பிளேயர் சத்தம் குறைந்ததாகத் தெரியாது, உயிர் இல்லாததாகத்தான் தெரியும்.

192 கிலோஹெர்ட்ஸை மறந்துவிடுங்கள். கேசட்டின் இரைச்சலே சாதாரண சிடியின் 16 பிட் இரைச்சல் மட்டத்துக்கு ரொம்ப மேலே நிற்கிறது, அந்த எண்களால் உங்கள் அப்பாவின் தொப்பிக்கு நல்லதும் இல்லை கெட்டதும் இல்லை.

கும்கி:
ஐயா, எல்லாம் அணைத்தாகிவிட்டது, கிளிப்பில் பேஸ் பூஜ்யம்தான். ரீப்ளேகெய்ன் இரண்டிலும் இல்லை. சத்தத்தைக் காதால்தான் சமப்படுத்தினேன், அது தப்பு என்று இப்போது புரிகிறது. ஆனால் புதியதில் ஒலியைக் கூட்டி வைத்தாலும் தொப்பி எழவில்லை. இயர்போன் ஒரு காதுக்கு மூன்று பேலன்ஸ்ட் ஆர்மேச்சர் (ஒலி எழுப்பும் குட்டி டிரைவர்) உள்ளது, பெட்டியில் 16 ஓம் என்று இருக்கிறது.

ஈயப்பற்று:
மூன்று ஆர்மேச்சர் என்று சொன்னதுமே எனக்கு வேறொரு சந்தேகம் வந்துவிட்டது.

அந்த 16 ஓம் என்பது ஏதோ ஓர் அதிர்வெண்ணில் எடுத்த அளவு. இந்த வகை இயர்போன்களில் இம்பீடன்ஸ், அதாவது ஏசி மின்சாரத்துக்கான தடை, ஓர் இடத்தில் 8 ஓமுக்கு இறங்கும், இன்னோர் இடத்தில் 40-க்கு ஏறும். பிளேயருக்கும் உள்ளே ஒரு தடை இருக்கிறது, அவுட்புட் இம்பீடன்ஸ். அது 1 ஓம் என்றால் 8 ஓம் இடத்தில் சத்தம் 40 ஓம் இடத்தைவிட 0.8 டெசிபல்தான் குறையும். அதுவே 10 ஓம் என்றால் வித்தியாசம் 5 டெசிபல், அதாவது யாரோ நமக்குத் தெரியாமல் ஈக்வலைசரைத் திருகி வைத்த மாதிரி. கிளிப் பிளஸ் 1 ஓம் பக்கத்தில் இருக்கிறது, அந்தச் சின்னப் பெட்டியை இன்றும் பலர் விடாமல் வைத்திருப்பதற்கு அதுவும் ஒரு காரணம்.

அளந்து பார்த்துவிடுங்கள், ஒரு மணி நேர வேலை. ஆடாசிட்டி என்ற ஒலி மென்பொருளில் தாழ்ந்த ஒலிக்கு 100 ஹெர்ட்ஸ் சைன் அலை, மத்திய ஒலிக்கு 1000 ஹெர்ட்ஸ் சைன் அலை இரண்டையும் உருவாக்கி இரண்டு பிளேயரிலும் ஏற்றுங்கள். ஒன்றை இரண்டாகப் பிரிக்கும் ஸ்பிளிட்டர் ஒன்று வாங்கி, ஒரு பக்கம் மல்டிமீட்டர், ஒரு பக்கம் சும்மா விடுங்கள், ஏசி வோல்ட்டைக் குறித்துக்கொள்ளுங்கள். பிறகு சும்மா விட்ட பக்கத்தில் 33 ஓம் ரெசிஸ்டரைப் போட்டு மறுபடி குறியுங்கள். வோல்ட் எவ்வளவு இறங்கியதோ அதை 33-ஆல் பெருக்கி, இறங்கிய பிறகு நிற்கும் வோல்ட்டால் வகுத்தால் பிளேயரின் உள் தடை வந்துவிடும். ரெசிஸ்டருக்குப் பதில் இயர்போனையே சொருகியும் பாருங்கள், ஆனால் அப்போது காதில் வைக்கவே வைக்காதீர்கள், அந்த அளவு சத்தம் காதுக்கு ஆகாது.

ஒன்று, மலிவு விலை மஞ்சள் மீட்டர் இதற்கு உதவாது. அதில் ஏசியின் கீழ் அளவே 200 வோல்ட். 2 வோல்ட் அளவு உள்ள மீட்டரை யாரிடமாவது இரவல் வாங்குங்கள்.

கும்கி:
பக்கத்துத் தெரு டிவி மெக்கானிக் அண்ணன் மீட்டர் கொடுத்தார், அவரே கூட உட்கார்ந்தும் அளந்தார்.

இரண்டையும் சும்மா விட்டபோது 0.400 வோல்ட்டில் நிறுத்தினோம். 33 ஓம் போட்டால் கிளிப் 0.388. புதியது 0.310. ஈயப்பற்று சொன்ன கணக்குப்படி கிளிப் 1 ஓம், புதியது ஒன்பதரை ஓம்! இயர்போனைச் சொருகினால் புதியதில் 1000 ஹெர்ட்ஸில் 0.310 நிற்கிறது, 100 ஹெர்ட்ஸில் 0.205-க்கு விழுகிறது. கிட்டத்தட்ட மூன்றரை டெசிபல் தொப்பியிலிருந்து போய்விடுகிறது. கிளிப்பில் இதே வித்தியாசம் அரை டெசிபல்.

அப்புறம் தங்கையை உட்காரவைத்துக் கண்ணைக் கட்டிக்கொண்டு கேட்டேன். 1000 ஹெர்ட்ஸில் இரண்டையும் சமப்படுத்தினேன், ராக்பாக்ஸில் ஒலி ஒவ்வொரு டெசிபலாகத்தான் நகர்கிறது, அதனால் மீதிச் சின்ன வித்தியாசத்தைக் கோப்பிலேயே குறைத்தேன். அவள் நாணயம் சுண்டிப் பார்த்து மாற்றி மாற்றிச் சொருகினாள். 12-இல் 11 சரியாகச் சொன்னேன். அதன் பிறகு அலமாரியில் கிடந்த சாதாரண ஒற்றை டிரைவர் 32 ஓம் இயர்போனைப் போட்டோம். 12-இல் 7. எது எதுவென்றே தெரியவில்லை, அதிலும் தொப்பி நன்றாகவே இருந்தது.

ரேடியோ ரிப்பேர்:
அருமையாகச் செய்தீர்கள். 12-இல் 7 வெறும் ஊகத்திலேயே வரும். 11 அப்படி வராது, ஆயிரத்தில் மூன்று தடவை வந்தால் அதிகம். அப்படியென்றால் புதியதில் கோளாறு இல்லை, உங்கள் இயர்போனோடு அதற்குச் சேரவில்லை, அவ்வளவுதான். 100 ஹெர்ட்ஸ் பக்கம் ஈக்வலைசரில் மூன்றரை டெசிபல் ஏற்றினாலும் பெரும்பாலும் சரியாகிவிடும்.

ஈயப்பற்று:
ஏற்றலாம், ஆனால் வேறு இயர்போன் போடும்போதெல்லாம் அணைக்க வேண்டும். பன்னிரண்டாயிரம் கொடுத்துவிட்டு அந்தத் தொல்லை வேண்டாம் என்பது என் எண்ணம். நாள் இருக்கும்போதே திருப்பிவிடுங்கள். கைப்பேசியில் கேட்கப் பரவாயில்லை என்றால் ஆப்பிளின் சின்ன யுஎஸ்பி-சி டாங்கிள் (கைப்பேசியில் சொருகி இயர்போன் மாட்டும் குட்டி வயர்) இந்த வேலைக்குப் போதும், அதன் உள் தடையும் 1 ஓம் பக்கம்தான். நிறைய ஆண்ட்ராய்டு கைப்பேசிகளில் அதில் சத்தம் குறைவாக வரும், உங்கள் ஆர்மேச்சர் இயர்போனுக்கு அந்தச் சத்தமே போதுமாக இருக்கலாம்.

கும்கி:
இன்று காலை திருப்பி அனுப்பிவிட்டேன். கைப்பேசியில் கேட்க மனம் வரவில்லை, தனி ஆவர்த்தனம் நடுவில் யாராவது அழைத்துவிடுகிறார்கள். கிளிப்புக்கே புது பேட்டரி போட முடியுமா?

ஈயப்பற்று:
முடியும். உறையை நகத்தால் மெதுவாகப் பிரியுங்கள், ஸ்குரூ டிரைவரால் நெம்பினால் பிளாஸ்டிக் கொக்கி உடையும். பழைய பேட்டரியின் நீளம், அகலம், கனம் மூன்றையும் மில்லிமீட்டரில் அளந்து இங்கே போடுங்கள். பாதுகாப்புச் சர்க்யூட் வைத்த லித்தியம் பாலிமர்தான் வேண்டும். பழைய வயர்களைச் சேர்த்து வெட்டாதீர்கள், ஒன்று ஒன்றாக.

கும்கி:
சரி. ஞாயிற்றுக்கிழமை திறந்து அளவு போடுகிறேன்.